முகம் காட்டப்படாத பெண்: அனிமேஷன் பயில்வோருக்கும் பயிற்றுவிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

அனிமேஷன் பயிலும் மாணவர்களுக்கும், அவர்களுக்குப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்களுக்கும்,

1940 பிப்ரவரி 10 அன்று எம்.ஜி.எம். நிறுவனம் 'புஸ் கெட்ஸ் த பூட்' என்ற கார்ட்டூன் குறும்படத்தை அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியிட்டது. வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் உருவாக்கிய அந்தப் படத்தில் பூனையின் பெயர் ஜாஸ்பர். எலியின் பெயர் படத்தில் சொல்லப்படவே இல்லை. பின்னாளில் டாம், ஜெர்ரி என்று உலகம் அறிந்த ஜோடி அதுதான். அதே படத்தில் மூன்றாவதாக ஒரு பாத்திரமும் உண்டு. தடித்த கால்கள், வீட்டுச் செருப்பு, இடுப்பில் ஏப்ரன், கையில் துடைப்பம், தென்மாநிலக் கறுப்பினத்தவர் பேச்சு என்று ஹாலிவுட் பழக்கப்படுத்தியிருந்த உச்சரிப்பு. அந்தப் பெண்ணுக்கு முகம் மட்டும் இல்லை.

படம் வெளியாகி மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், பிப்ரவரி 29 அன்று, 'கான் வித் த விண்ட்' படத்தில் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். விழா நடந்த லாஸ் ஏஞ்சலஸ் அம்பாசடர் ஹோட்டலில், சக நடிகர்களோடு அமர அவருக்கு இடம் தரப்படவில்லை. ஓரமாக ஒரு தனி மேஜை போடப்பட்டது. நடிகர்கள் நடித்த படத்திலும் சரி, கார்ட்டூனிலும் சரி, அன்றைய ஹாலிவுட் ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கொடுத்த வேடம் ஒன்றுதான்.

1930-களின் இறுதி முதல் 1950-களின் இறுதி வரை வெளிவந்த அமெரிக்க அடிதடி நகைச்சுவைக் கார்ட்டூன்கள் இன்றும் அனிமேஷன் வகுப்புகளில் பாடமாக இருக்கின்றன. அவற்றின் காலக்கணிப்பு, அசைவு, இசைப் பொருத்தம் எல்லாம் கற்பிக்கப்படுகின்றன. அவை மனிதர்களை எப்படி வரைந்தன என்பது பெரும்பாலும் கற்பிக்கப்படுவதில்லை. இந்த மடல் அதைப் பற்றியது.

இந்தப் படங்கள் குழந்தைகளுக்கென்று எடுக்கப்பட்டவை அல்ல. முழுநீளப் படத்துக்கு முன்னால், செய்திப் படத்தோடு சேர்த்துத் திரையிடப்பட்ட ஏழெட்டு நிமிடத் துண்டுகள் அவை. எம்.ஜி.எம்., வார்னர் பிரதர்ஸ், பாரமவுண்டுக்காகப் படமெடுத்த ஸ்டுடியோக்கள், யூனிவர்சலுக்காக வேலை செய்த வால்டர் லான்ட்ஸ் ஸ்டுடியோ ஆகியவை போட்டி போட்டுக்கொண்டு இவற்றை உருவாக்கின. பார்வையாளர்கள் எல்லா வயதினரும். ஆனால் எல்லோருக்கும் ஒரே இருக்கை இல்லை. தென்மாநிலங்களின் பல அரங்குகளில் கறுப்பினத்தவர் தனி வாசல் வழியாக நுழைந்து மேல்மாடத்தில் உட்கார வேண்டியிருந்தது.

இயக்குநர்கள், கதை எழுதுவோர், முதன்மை அனிமேட்டர்கள் ஆகியோரில் ஏறக்குறைய அனைவரும் வெள்ளை ஆண்கள். பெண்களில் பெரும்பாலானோர் மற்றவர் வரைந்த கோட்டை செல்லுலாய்டில் நகலெடுத்து வண்ணம் பூசும் பிரிவில் இருத்தப்பட்டார்கள். லான்ட்ஸ் ஸ்டுடியோவில் அனிமேட்டராக உயர்ந்த லவேர்ன் ஹார்டிங் போன்றவர்கள் அரிய விதிவிலக்குகள். கறுப்பின அனிமேட்டரான ஃபிளாய்ட் நார்மன் டிஸ்னியில் சேர்ந்தது 1956-இல்தான். திரையில் யார் எப்படித் தோன்றினார்கள் என்பதற்கான காரணங்களில் ஒன்று, வரையும் மேஜையில் யார் இருந்தார்கள் என்பது.

மற்றொரு காரணம் மேடை மரபு. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் பெரும் கேளிக்கைகளில் ஒன்று மின்ஸ்ட்ரல் நாடகம். வெள்ளை நடிகர்கள் எரித்த தக்கையின் கரியை முகத்தில் பூசி, உதட்டைப் பெரிதாக வரைந்து, வெள்ளைக் கையுறை அணிந்து, கறுப்பின மக்களைச் சோம்பேறிகளாகவும் அப்பாவிகளாகவும் பாட்டுப் பைத்தியங்களாகவும் ஆடிக்காட்டினார்கள். தொடக்ககாலக் கார்ட்டூன் பாத்திரங்களின் கறுத்த உடல், அகன்ற கண், பெரிய வாய், வெள்ளைக் கையுறை ஆகியவற்றில் இந்த மேடையின் சாயல் அப்படியே இருக்கிறது. வார்னர் நிறுவனத்தின் 'லூனி ட்யூன்ஸ்' வரிசை 1930-இல் போஸ்கோ என்ற பாத்திரத்தோடு தொடங்கியது. அதை உருவாக்கிய ஹியூ ஹார்மன் 1928-இல் பதிப்புரிமைப் பதிவில் அதை ஒரு கறுப்பினச் சிறுவன் என்றே குறித்திருந்தார்.

குறும்படத்தின் நீளமும் இந்த மரபை நீடிக்கச் செய்தது. ஏழு நிமிடத்தில் ஒரு பாத்திரத்தை அறிமுகப்படுத்தி, சிக்கலில் மாட்டவிட்டு, அடி வாங்கவைத்து, சிரிப்போடு முடிக்க வேண்டும். பார்வையாளர் ஏற்கெனவே மனத்தில் வைத்திருக்கும் வார்ப்பை எடுத்துக்கொண்டால் அறிமுகத்துக்கு நேரம் செலவாகாது. மெக்சிகோக்காரர் என்றால் பெரிய தொப்பியும் தூக்கமும், அமெரிக்கப் பூர்வகுடி என்றால் இறகும் கோடரியும் உறுமலும், கறுப்பினப் பெண் என்றால் ஏப்ரனும் துடைப்பமும். ஒருவர் இன்னார் என்று ஒரே நொடியில் தெரிவிக்கும் இந்தக் குறுக்குவழி, அவர் இன்னது மட்டுமே என்றும் அதே நொடியில் சொல்லிவிடுகிறது.

டாம் அண்ட் ஜெர்ரி பணிப்பெண் இந்த வழக்கத்தின் மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு. மாமி டூ ஷூஸ் என்பது அவருக்கு வழங்கிவரும் பெயர். 1952-இல் வெளியான 'புஷ்-பட்டன் கிட்டி' வரை ஏறத்தாழ 20 படங்களில் அவர் வருகிறார். குரல் கொடுத்தவர் லிலியன் ராண்டால்ஃப். 'த கிரேட் கில்டர்ஸ்லீவ்' என்ற புகழ்பெற்ற வானொலித் தொடரிலும் 1946-இல் வெளியான 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' திரைப்படத்திலும் நடித்த கறுப்பினக் கலைஞர் அவர். அவ்விரண்டிலும் அவருக்குக் கிடைத்தவை வீட்டுப் பணிப்பெண் வேடங்களே.

முகத்தைக் காட்டாததற்கு ஒரு கலைக் காரணம் உண்டு. படத்தின் உலகம் பூனையின் கண்மட்டத்தில் அமைந்தது. மேஜைக் கால்களும் மனிதக் கால்களும்தான் அந்த உயரத்தில் தெரியும். இந்த விளக்கம் ஓரளவுக்கே செல்லும். 1950-களின் பிற்பகுதியில் அதே இயக்குநர்கள் எடுத்த 'பிசி படீஸ்' படத்தில், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் ஜீனி என்ற வெள்ளை இளம்பெண்ணின் முகம் நன்றாகவே தெரிகிறது. கேமராவின் உயரம் மாற்ற முடியாத விதியாக இருக்கவில்லை.

ஆயினும் இந்தப் பாத்திரம் முழுக்கத் தட்டையானதும் அல்ல. பல படங்களில் அவர் வேலைக்காரியா, வீட்டின் உரிமையாளரா என்பதே உறுதியாகத் தெரியாது. தன் வீடு, தன் பூனை என்ற அதிகாரத்தோடுதான் பேசுகிறார். 1950-இல் வந்த 'சாட்டர்டே ஈவினிங் புஸ்' படத்தில் நகை அணிந்து, அலங்கரித்துக்கொண்டு, தோழிகளோடு சீட்டாடக் கிளம்புகிறார். ஓடி வரும் ஒரு காட்சியில் முகம்கூட ஒரு கணம் தெரிந்து மறைகிறது. ராண்டால்ஃபின் குரலில் கோபமும் கிண்டலும் தன்மானமும் உண்டு. வார்ப்புக்குள் அடைக்கப்பட்ட ஒரு கலைஞர் அதன் விளிம்புவரை சென்று நடித்திருக்கிறார். இந்தப் பாத்திரத்தை வெறும் கேலிச்சித்திரம் என்று ஒதுக்குவோர் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

இன்னொரு வழக்கத்துக்கு இப்படி எந்தச் சலுகையும் தர முடியாது. வெடி வெடித்ததும் டாமின் முகம் கறுத்து, உதடு தடித்து, தலையில் முடிச்சுகள் முளைக்கும் காட்சி பல படங்களில் வருகிறது. அடிபட்டதற்காக மட்டும் அங்கே சிரிப்பு எழுவதில்லை. அடிபட்டவன் நொடியில் கறுப்பினத்தவனைப் போல் ஆகிவிட்டான் என்பதே அந்தச் சிரிப்பின் பொருள். 1948-இல் வந்த 'மவுஸ் கிளீனிங்' படத்தின் முடிவில் கரியில் மூழ்கி எழும் டாம், பணிப்பெண்ணிடமிருந்து தப்ப மந்தமான இழுவைப் பேச்சோடு ஒரு கறுப்பின ஆளாக நடிக்கிறான். 1951-இல் வந்த 'காசனோவா கேட்' படத்தில் சுருட்டுப் புகையால் ஜெர்ரியின் முகத்தைக் கறுப்பாக்கி ஆடவைக்கிறான். மின்ஸ்ட்ரல் மேடையை அறியாத பார்வையாளருக்கு இவற்றில் என்ன நகைச்சுவை என்றே புரியாது.

வார்னர் பிரதர்ஸ் படங்களில் இது மேலும் வெளிப்படை. பாப் கிளாம்பெட் இயக்கி 1943-இல் வெளியான 'கோல் பிளாக் அண்ட் டி செபென் ட்வார்ஃப்ஸ்', ஸ்னோ ஒயிட் கதையைக் கறுப்பினப் பாத்திரங்களைக் கொண்டு சொல்வது. லாஸ் ஏஞ்சலஸின் ஜாஸ் விடுதிகளுக்கு நேரில் சென்று பார்த்து கிளாம்பெட் அதை உருவாக்கினார். ரூபி டான்ட்ரிட்ஜ், விவியன் டான்ட்ரிட்ஜ் என்ற கறுப்பினக் கலைஞர்கள் குரல் கொடுத்தார்கள். அசைவின் வேகத்துக்காகவும் இசைக்காகவும் அதைப் பாராட்டும் வரலாற்றாளர்கள் உண்டு. அதன் முகங்களோ மின்ஸ்ட்ரல் மேடையின் கொடுமையான வடிவங்கள். திறமையும் இழிவும் ஒரே சட்டகத்துக்குள் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு அந்தப் படம் சான்று.

போர்க்காலம் வேறொரு மக்கள் கூட்டத்தைக் குறிவைத்தது. 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066-ஆம் ஆணையின்படி, அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அதே ஆண்டில் பாப்பாயைக் கொண்டும், 1944-இல் பக்ஸ் பன்னியைக் கொண்டும் ஜப்பானியர்களைப் பல் துருத்திய, கண்ணாடி அணிந்த, ஏமாற்றுக்கார உருவங்களாகக் காட்டிய படங்கள் வந்தன. அவற்றின் தலைப்புகளிலேயே இனவசைச் சொற்கள் இருந்தன. எதிரிப் படையைக் கேலி செய்வதாகச் சொல்லப்பட்ட படங்கள், முள்வேலிக்குள் இருந்த அண்டைவீட்டாரையும் சேர்த்தே இழிவுபடுத்தின. மன்சனார் முகாமில் அடைக்கப்பட்ட இளைஞர் ஒருவர் அங்கிருந்த மூத்த கலைஞர்களிடம் ஓவியம் கற்று, 1945-இல் டிஸ்னியில் சேர்ந்து, பிறகு ஹன்னா-பார்பெரா நிறுவனத்தில் ஸ்கூபி-டூவை வடிவமைத்தார். இவாவோ டாக்கமோட்டோ என்பது அவர் பெயர்.

அமெரிக்கப் பூர்வகுடிகள் 1941-இல் 'ஹயவாதாஸ் ராபிட் ஹண்ட்', 1948-இல் 'எ ஃபெதர் இன் ஹிஸ் ஹேர்' ஆகிய படங்களில் பக்ஸ் பன்னியிடம் ஏமாறும் அசடர்களாக வருகிறார்கள். பெண்களின் நிலை வேறு விதம். டெக்ஸ் ஏவரி 1943-இல் எடுத்த 'ரெட் ஹாட் ரைடிங் ஹூட்' படத்தில் மேடைப் பாடகி அழகாகவே இருக்கிறாள். கண் பிதுங்கி, நாக்குத் தொங்கி, மேஜையைத் தட்டும் ஓநாய்தான் கோமாளி. ஆனால் அடிதடியின் சூத்திரதாரியாகப் பெண் வருவது அபூர்வம். சக் ஜோன்ஸின் பெப்பே லெ ப்யூ 1945-இல் அறிமுகமாகி, பின்வந்த படங்களில் விலகி ஓடும் பெண் பூனையை விடாமல் துரத்துவதையே காதலாகக் காட்டினான். அந்த வரிசையில் 1949-இல் வந்த படம் ஆஸ்கர் பெற்றது. மறுக்கும் பெண்ணைப் பொருட்படுத்தாததே அதன் நகைச்சுவை.

இவற்றுக்கெல்லாம் வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம், அந்தக் காலம் அப்படி என்பது. அந்தக் காலத்தின் ஆவணங்களே அதை மறுக்கின்றன. என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின உரிமை அமைப்பின் செயலாளர் வால்டர் ஒயிட் 1942-இல் ஹாலிவுட்டுக்கு வந்து, கறுப்பினத்தவரை வேலைக்காரர்களாகவும் கோமாளிகளாகவும் மட்டுமே காட்டுவதை நிறுத்தும்படி ஸ்டுடியோ தலைவர்களிடம் நேரில் வலியுறுத்தினார். 'கோல் பிளாக்' வெளியானபோதே அந்த அமைப்பு அதைத் திரும்பப் பெறச் சொன்னது. லான்ட்ஸ் ஸ்டுடியோ 1941-இல் எடுத்து, பிறகு மறுபடியும் திரையிடப்பட்ட 'ஸ்க்ரப் மீ மாமா வித் எ பூகி பீட்' படத்துக்கும் 1948-இல் அந்த அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. யூனிவர்சல் நிறுவனம் 1949-இல் அதை விலக்கிக்கொண்டது. இந்த இயக்கம் கறுப்பின நடிகர்கள் எல்லோருக்கும் உவப்பாக இருக்கவில்லை. பணிப்பெண் வேடமும் போய்விட்டால் வேறு வேடம் வருமா என்ற மெக்டேனியல் போன்றோரின் அச்சம் நியாயமானது. இழிவுபடுத்தப்பட்டவர்கள் அன்று மௌனமாக இருந்தார்கள் என்று மட்டும் எவரும் சொல்ல முடியாது. எதிர்ப்புக் குரல் இருந்தது. கேட்க மறுத்தவர்களும் இருந்தார்கள்.

வேறு விதமாக வரைய முடியும் என்பதும் அன்றே மெய்ப்பிக்கப்பட்டது. ஜார்ஜ் பால் என்ற இயக்குநர் பொம்மைகளை அசைத்துப் படமெடுப்பவர். அவருடைய ஜாஸ்பர் வரிசை கறுப்பினச் சிறுவனைப் பற்றிய பழைய வார்ப்புகளால் நிறைந்தது. கறுப்பினத்தவர் இதழான எபனி அதைக் கண்டித்தது. அதே பால் 1946-இல் கறுப்பினத் தொழிலாளர்களின் நாட்டுப்புற நாயகனான ஜான் ஹென்றியைப் பற்றி 'ஜான் ஹென்றி அண்ட் தி இங்கி-பூ' என்ற குறும்படம் எடுத்தார். நீராவி இயந்திரத்தோடு போட்டியிட்டு வென்று உயிர்விடும் அந்தத் தொழிலாளியை எந்தக் கேலியும் இன்றிக் கம்பீரமாகக் காட்டிய அப்படத்தை எபனி பாராட்டியது. அது ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெற்றது. அந்த ஆண்டு விருதை வென்றது டாம் அண்ட் ஜெர்ரியின் 'த கேட் கன்சர்டோ'. லிஸ்ட் என்ற ஐரோப்பிய இசைமேதையின் ஹங்கேரிய ராப்சடியை டாம் பியானோவில் வாசிக்க, பியானோவுக்குள் தூங்கும் ஜெர்ரி விழித்துக்கொண்டு தொல்லை கொடுக்கும் அந்தப் படத்தில் பணிப்பெண் இல்லை, கரி பூசிய முகம் இல்லை. ஹன்னாவும் பார்பெராவும் எடுத்த 114 டாம் அண்ட் ஜெர்ரி படங்களில் கலையின் உச்சம் என்று பலரும் சொல்வது அதைத்தான். இந்த நகைச்சுவைக்கு இனவார்ப்பு அடித்தளமாக இருந்ததே இல்லை. வார்ப்பை நீக்கினால் படம் விழுந்துவிடும் என்ற வாதத்துக்கு அந்த ஒரே ஆண்டின் இரண்டு படங்களும் போதுமான பதில்.

எதிர்ப்புக்கு ஸ்டுடியோக்கள் கண்ட விடை, கறுப்பின மனிதர்களைச் சரியாக வரையக் கற்றுக்கொள்வது அல்ல, வரைவதையே விட்டுவிடுவது. 1952-க்குப் பிறகு டாமின் வீட்டில் புறநகர் வெள்ளைத் தம்பதியர் குடியேறினார்கள். இழிவான சித்திரம் மறைந்த இடத்தில் கறுப்பின மக்களே மறைந்தார்கள். இல்லாமையும் ஒரு சித்திரிப்புதான். யார் இந்த நாட்டின் இயல்பான குடும்பம் என்பதை அது ஓசையின்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

தொலைக்காட்சி வந்தபின் மறைப்பு இன்னொரு கட்டத்துக்குப் போனது. 1960-களில், ஒளிபரப்புக்காகச் சக் ஜோன்ஸின் குழு பழைய படங்களில் பணிப்பெண் வரும் காட்சிகளைத் திருத்தி வரைந்தது. கறுத்த கால்கள் மெலிந்த வெள்ளைக் கால்களாயின. ராண்டால்ஃபின் குரலுக்குப் பதிலாக ஜூன் ஃபோரேயின் ஐரிஷ் சாயல் பேச்சு வந்தது. 1990-களில் பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு, உச்சரிப்பை மட்டும் மாற்றித் தியா விடால் என்ற கறுப்பின நடிகையைக் கொண்டு மறுபடியும் குரல் பதிந்தார்கள். 1968-இல் யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் நிறுவனம் தன் கையிலிருந்த வார்னர் கார்ட்டூன்களில் 11 படங்களை ஒளிபரப்பிலிருந்து மொத்தமாக விலக்கியது. 'கோல் பிளாக்' அவற்றில் ஒன்று. 2013-இல் வரவிருந்த டாம் அண்ட் ஜெர்ரி தொகுப்பிலிருந்து 'மவுஸ் கிளீனிங்', 'காசனோவா கேட்' இரண்டும் விடப்பட்டன. அதற்குக் கிளம்பிய எதிர்ப்பில் தொகுப்பே நிறுத்தப்பட்டது.

மெக்சிகோ எலி ஸ்பீடி கான்சாலெஸின் வரலாறு இதில் ஓர் எச்சரிக்கைப் பாடம். 1955-இல் வெளியாகி ஆஸ்கர் வென்ற படத்தின் நாயகன் அவன். மெக்சிகோ மக்களைப் பற்றிய வார்ப்புகளைக் காரணம் காட்டி கார்ட்டூன் நெட்வொர்க் 1999-இல் அவனை நிறுத்தியது. அவனைத் திரும்பக் கேட்டவர்களில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின் உரிமை அமைப்பும் இருந்தது. பூனையை ஒவ்வொரு முறையும் வெல்லும் புத்திசாலி அவன் என்பது அவர்கள் வாதம். 2002-இல் அவன் திரும்பி வந்தான். அவனைச் சுற்றியிருக்கும் சோம்பேறி எலிகளைப் பற்றிய குறை அப்படியே நிற்கிறது. ஒரு சமூகத்தின் சார்பில் முடிவெடுப்பவர்கள் அந்தச் சமூகத்தைக் கேட்காவிட்டால் இரண்டு பக்கமும் தவறு நேரும்.

மறைப்பதற்கும் அப்படியே ஓட்டுவதற்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்று இந்த நூற்றாண்டில் உருவாகியிருக்கிறது. 2005-இல் வந்த டாம் அண்ட் ஜெர்ரி டிவிடி தொகுப்பில் நடிகை ஊப்பி கோல்ட்பெர்க் தோன்றி, இந்தச் சித்திரிப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு, ஆனால் இல்லாதது போல் காட்டுவது அவை இருந்ததையே மறுப்பதாகும் என்ற பொருளில் பேசினார். 2010-இல் டர்னர் கிளாசிக் மூவீஸ் நடத்திய திரைப்பட விழாவில், விலக்கப்பட்ட 11 படங்களில் எட்டு, அறிமுக உரையோடு திரையிடப்பட்டன. 2014-இல் இணையவழி விற்பனையில் டாம் அண்ட் ஜெர்ரி படங்களுக்கு இனப் பாகுபாடு குறித்த எச்சரிக்கைக் குறிப்பு சேர்க்கப்பட்டது.

இந்தியாவில் கார்ட்டூன் நெட்வொர்க் 1995-இல் தொடங்கியபின் இந்தப் படங்கள் தமிழ் வீடுகளுக்குள்ளும் நாள்தோறும் வந்தன. வசனம் குறைவு என்பதால் மொழி தடையாகவில்லை. அமெரிக்க வரலாற்றை அறியாத குழந்தைக்கு அந்தக் கால்களும் கரி முகமும் வெறும் வேடிக்கை. அந்தக் குழந்தைகளில் பலர் இன்று அனிமேஷன் மாணவர்கள். ஆகவே வகுப்பறையில் செய்யத்தக்கவை சில உண்டு.

திருத்தப்பட்ட பிரதியையும் மூலப் பிரதியையும் அடுத்தடுத்துக் காட்டி, எது, எப்போது, யாரால் மாற்றப்பட்டது என்று சொல்லலாம். ஹன்னா, பார்பெரா, ஏவரி, ஜோன்ஸ் என்று கற்பிக்கும்போது லிலியன் ராண்டால்ஃப், லவேர்ன் ஹார்டிங், ஃபிளாய்ட் நார்மன், இவாவோ டாக்கமோட்டோ ஆகியோரையும் அதே வரிசையில் கற்பிக்கலாம். ஒரு காட்சியில் சிரிப்பு வரும்போது அது அசைவால் வருகிறதா, அடையாளத்தால் வருகிறதா என்று பிரித்துப் பார்க்கப் பழக்கலாம். 'த கேட் கன்சர்டோ'வையும் 'மவுஸ் கிளீனிங்'கையும் ஒரே வகுப்பில் வைத்தால் இந்த வேறுபாடு விளக்கமின்றியே தெரியும். சிறு குழந்தைகளுக்கு விளக்கம் எட்டாது என்பதால், கரி முகக் காட்சிகள் உள்ள படங்களை அவர்களுக்குக் காட்டாமல் தவிர்ப்பது முறை. விளக்கம் புரியும் வயதினரிடமிருந்து மறைப்பது முறையல்ல.

மாணவர்கள் தங்கள் முதல் பாத்திரத்தை வரையும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளும் இந்த வரலாற்றிலேயே இருக்கின்றன. யாருக்கு முகம் உண்டு, யாருக்கு இல்லை? யாருக்குப் பெயர் உண்டு? யாருடைய பேச்சு கேலிக்குரியதாக எழுதப்பட்டிருக்கிறது? அடி வாங்குபவர் தன் செயலால் வாங்குகிறாரா, பிறப்பால் வாங்குகிறாரா? இந்தப் பாத்திரத்தின் சமூகத்தைச் சேர்ந்தவர் எவரேனும் இதை வரையும் அறையில் இருக்கிறாரா? நிறம், சாதி, ஊர், தொழில், உடல்வாகு ஆகியவற்றை வைத்துச் சிரிப்பு மூட்டும் குறுக்குவழி எந்த நாட்டுக் கலைக்கும் எளிதில் கைவரும். அதைத் தவிர்த்துக் காலக்கணிப்பாலும் அசைவாலும் கற்பனையாலும் சிரிக்கவைப்பதே இந்தக் கலையின் மேலான பாடம். அதைக் கற்றுத்தரும் படங்களும், அதில் தவறிய படங்களும் ஒரே கைகளிலிருந்து வந்தவை என்பதால், இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தோழமையுடன்,
அனிமேஷன் வரலாற்றில் அக்கறை கொண்ட ஒருவர்